மெஷின் சரியாகத்தான் இருக்கிறது

அக்டோபர் 27, திங்கள்
காலை விறைப்பு: 5 நிமிடம்

இது மதுரை டாக்டர் வசுமதி கொடுத்த நோட்டு. "காலைல எழுந்ததும் விரல் எத்தனை நிமிஷம் விறைப்பா இருந்ததுன்னு தினமும் எழுதுங்க ஜெசிந்தா. வேற என்ன தோணினாலும் எழுதுங்க. அடுத்த தடவை வரும்போது நான் படிப்பேன்" என்றார். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் யாரிடமும் நோட்டு காட்டியதில்லை. நாற்பத்தேழு வயதில் மறுபடியும் வீட்டுப்பாடம்.

டாக்டர் படிப்பார் என்பதால் ஒழுங்காகவே ஆரம்பிக்கிறேன். எனக்கு ஏழு வருடமாக முடக்குவாதம். பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். போன வருடம் இதே மாதம் ஜாக்கெட் கொக்கியைக்கூட என் வீட்டுக்காரர் மிக்கேல் அத்தான்தான் மாட்டிவிட்டார். அவருக்கு பஸ் டெப்போவில் மெக்கானிக் வேலை. நட்டு முறுக்குகிற கை அது. முதல் நாளே இரண்டு கொக்கி பிய்ந்து வந்தது.

மார்ச்சிலிருந்து வாரம் ஒரு ஊசி. அதன் பிறகு கொக்கி, சீப்பு, சிரிஞ்சு எல்லாம் என் கைக்குத் திரும்பி வந்துவிட்டன.

ஊசி என்ன செய்கிறது என்று அத்தான் கேட்டபோது நான் சொன்னது இதுதான். உடம்பில் ஒரு செல் இன்னொரு செல்லுக்குச் சேதி சொல்ல சின்னச் சின்னப் புரதங்கள் உண்டு. சைட்டோகைன் என்பார்கள். அடிபட்டாலோ கிருமி புகுந்தாலோ "இங்கே வாங்க, இங்கே வாங்க" என்று வெள்ளணுக்களைக் கூப்பிடுவது அவைதான். அதில் ஒன்று இன்டர்லூக்கின் ஆறு. என் உடம்பில் அது ஒன்றுமே நடக்காதபோதும் என் விரல் மூட்டுகளைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தது. ஊசி போட்டால் அதன் சத்தம் யார் காதிலும் விழாது.

அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் ஈரல் சிஆர்பி என்ற புரதத்தைச் சுரக்கிறது. உடம்பில் எங்காவது அழற்சி இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் லேபில் அளப்பது அதைத்தான். ஐந்துக்குள் இருந்தால் நார்மல். ஊசிக்கு முன் எனக்கு 52. மூன்றாவது ஊசிக்குப் பின் 0.3. பெயர் போடாமல் எங்கள் மெஷினிலேயே ஓட்டிப் பார்த்துக்கொண்டேன். அன்று பாத்ரூமுக்குள் போய் அழுதேன், சந்தோஷத்தில்தான்.

ஊசி விஷயம் ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியாது. லேப் இன்சார்ஜ் கோமதிநாயகம் சார் ஒரு தடவை, வேறு யாரைப் பற்றியோ பேசும்போது, "எதிர்ப்புச் சக்திய குறைக்கிற மருந்து எடுக்குத ஆள சளி சாம்பிள் பக்கம் விடமுடியாது. ஜன்னல்ல உக்கார வைக்க வேண்டியதுதான்" என்றார். ஜன்னல் என்றால் சாம்பிளை வாங்கி ஸ்டிக்கர் ஒட்டுகிற இடம். கைக்குழந்தைக்கு நரம்பு கிடைக்கவில்லை என்றால் வார்டிலிருந்து "ஜெசிந்தாவைக் கூப்பிடு" என்று ஆள் வரும். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான். இந்தக் கை ஜன்னலில் உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டாது. அதனால் ஊசி எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில், முட்டைத் தட்டுக்குப் பின்னால் இருக்கிறது.

நவம்பர் 2, ஞாயிறு
5 நிமிடம்

கல்லறைத் திருநாள். அம்மா கல்லறைக்கு அத்தான் சுண்ணாம்பு அடித்தார். நான் புல் பிடுங்கி, செவ்வந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினேன். அம்மா முன்னால் செருப்புப் போட்டுக்கொண்டு நிற்க எனக்கு வராது. கழற்றி ஓரமாக வைத்திருந்தேன். கல்லறையை மந்திரித்து ஆசீர்வதிக்க ஃபாதர் வந்ததும் ஒதுங்கி நின்றேன், சரியாக ஒரு உடைமரத்து முள்ளின் மேல். வலது காலில், பெருவிரலுக்கு அடுத்த விரலின் அடியில் ஏறிவிட்டது. பிடுங்கி எறிந்துவிட்டு ஜெபத்துக்கு ஆமென் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து கால் கழுவி மஞ்சள் வைத்தேன். கறி கொதிக்கும்போது அத்தான் ஊசி போட்டுவிட்டார். ஞாயிறு என்றால் பூசை, ஊசி, கறி. இந்த வரிசை மாறுவதில்லை.

ஊசி டப்பாவில் ஒரு சீட்டு உண்டு. "காயம், காய்ச்சல், கிருமித் தொற்று இருந்தால் ஊசியை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடவும்." முள் குத்துவதையெல்லாம் காயம் என்றால் திருநெல்வேலிச் சீமையில் ஒருத்தரும் ஊசி போட முடியாது.

நவம்பர் 4, செவ்வாய்
5 நிமிடம்

இன்று பதினோரு நாள் குழந்தை ஒன்று. இரண்டு பேர் குத்திப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். ஒரே குத்தில் கிடைத்தது. குழந்தையின் அப்பா கையெடுத்துக் கும்பிட்டார்.

காலில் வலி இல்லை.

நவம்பர் 7, வெள்ளி
5 நிமிடம்

முள் குத்திய இடத்தில் கொஞ்சம் நீர் கசிகிறது. டிரெஸ்ஸிங் அறைக்குப் போனேன். நிஷா சிஸ்டர் மேலப்பாளையத்துக்காரி. பதினைந்து வருடப் பழக்கம், வாய் கொஞ்சம் நீளம். காலைப் பார்த்துவிட்டு நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் சர்ஜன் சங்கரநாராயணன் சாரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

சார் அழுத்திப் பார்த்தார். "சுகர் இருக்கா?"

"இல்ல சார்."

"வேற மருந்து ஏதாவது?"

"பிரஷர் மாத்திரை மட்டும்தான் சார்."

ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதினார். மருந்தின் பெயரையெல்லாம் வரிசையாக ஒப்பிக்க அது என்ன நேர்முகத் தேர்வா?

நவம்பர் 9, ஞாயிறு
5 நிமிடம்

பூசைக்குக் கொஞ்சம் நொண்டிக்கொண்டுதான் போனேன். ஃப்ரிட்ஜைத் திறந்த அத்தான் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"ஏட்டி, காலு இப்படி இருக்கையில இது வேணுமா? மதுரை டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேளேன்."

"காய்ச்சல் இருக்கா? இல்ல. வீக்கம் இருக்கா? இல்ல. செவப்பாவது இருக்கா? பின்ன என்னத்தக் கேக்க?"

"சங்கரநாராயணன் சார்ட்டயாவது சொல்லிரு."

"சொன்னா அடுத்த நாளே லேபுல எல்லாருக்கும் தெரியும். என்னைய ஜன்னல்ல உக்கார வச்சிருவாவ. உங்களுக்கு அதான் வேணுமா?"

போட்டுவிட்டார். கறியில் உப்பு கூடிவிட்டது. அப்படியே சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

நவம்பர் 10, திங்கள்
5 நிமிடம்

நீர் கசிவது நிற்கவில்லை. சங்கரநாராயணன் சார் இரண்டாவது தடவையாகப் பார்த்தார். "உள்ள முள்ளு உடைஞ்சு இருக்கலாம். சின்னதா திறந்து பார்த்துடலாமா?" என்றார்.

திறந்தால் பத்து நாள் லீவு. ஆபரேஷனுக்கு முன்னால், எடுக்கிற மருந்தையெல்லாம் எழுதி வாங்குவார்கள். "முதல்ல ஒரு சிஆர்பி பாத்துரலாம் சார்" என்றேன். என் ரத்தத்தை நானே எடுத்தேன். இடது கையில் எடுக்க வலது கை இருந்தால் போதும். நானே மெஷினில் வைத்தேன்.

0.3.

ரிப்போர்ட்டை அவர் மேஜையில் வைத்தேன். "அட, இவ்வளவு நார்மலா இருந்தா உள்ள ஒண்ணும் பெரிசா இருக்காது. சரி, இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்" என்று இன்னும் எடுக்காத கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

நான் பொய் எதுவும் சொல்லவில்லை. மெஷின் காட்டியதைக் காட்டினேன்.

நவம்பர் 13, வியாழன்
5 நிமிடம்

பதினோரு நாள் ஆயிற்று. புண் மூடவும் இல்லை, பெரிதாகவும் இல்லை. ஓரம் வெளுத்து, தண்ணீரில் ஊறிய விரல் மாதிரி இருக்கிறது. சிவப்பு இல்லை, வலி இல்லை. சாதாரணமாக ஒரு கொசுக்கடி இதைவிட அதிகம் கலாட்டா பண்ணும்.

நிஷா கட்டைப் பிரித்துவிட்டுக் குனிந்தாள்.

"அக்கா, லேசா ஒரு வாடை அடிக்கில்லா?"

"ரிப்போர்ட் நார்மல் நிஷா."

"ரிப்போர்ட்டு கெடக்கட்டும். எனக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்குல்லா? புண்ணுன்னா கொஞ்சமாவது செவக்கணும், சுடணும். இது என்னக்கா, சொரணையே இல்லாம கெடக்கு?"

இருபத்திரண்டு வருடம் லேபில் இருந்தவளுக்கு மூக்கை வைத்துப் பாடம் எடுக்கிறாள். எரிச்சலாக வந்தது.

நவம்பர் 14, வெள்ளி
5 நிமிடம்

காலை 98.2. மதியம் 98.0. மாலை 98.4. இரவு 98.2.

நவம்பர் 16, ஞாயிறு
5 நிமிடம்

அத்தான் ஊசி போட மாட்டேன் என்றுவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எனக்கு மாட்டேன் என்று அவர் சொன்னதில்லை. சோபாவில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார்.

"பஸ்ஸுல ஆயில் கொறஞ்சா டேஷ்போர்டுல செவப்பு லைட்டு எரியும். கண்ணக் கூசுதுன்னு சில டிரைவர் அந்த வயரப் புடுங்கிப் போட்டுருவான். லைட்டு அணைஞ்சிரும், சரி. இஞ்சின் என்னாவும்? அத நாந்தான பிரிச்சுப் பாக்கேன்."

"நான் ஒண்ணும் பஸ்ஸு இல்ல."

"பஸ்ஸுன்னா நான் டெப்போவ விட்டு வெளிய விட்டுருக்கவே மாட்டேன்."

நானே போட்டுக்கொண்டேன். வயிற்றுத் தோலைப் பிடித்து, குத்தி, பத்து எண்ணி, எடுத்தேன். போன வருடம் இந்த விரல்களால் ஒரு மூடியைக்கூடத் திருக முடியாது. மருந்து திருப்பிக் கொடுத்த விரல்களாலேயே மருந்தைப் போட்டுக்கொள்கிறேன். அவருக்கு அது எப்படிப் புரியும்? ராத்திரி அவர் பல்வலிக்காரர் போலப் புரண்டுகொண்டே கிடந்தார்.

இந்தப் பக்கத்தை மதுரைக்குப் போவதற்கு முன் கிழித்துவிட வேண்டும். பத்தாம் தேதிப் பக்கத்தையும்.

நவம்பர் 18, செவ்வாய்
10 நிமிடம்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

காலையில் நிஷா கட்டைப் பிரித்தாள். பாதத்தின் மேல்பக்கம், விரல் இடுக்கில், கட்டைவிரலை வைத்து மெதுவாக அழுத்தினாள். அடியில் இருக்கிற சின்னத் துளை வழியாகச் சீழ் வந்தது. வந்துகொண்டே இருந்தது. நான் அதை யாரோ ஒருத்தியின் கால் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். வலித்திருக்க வேண்டும். லேசாக இழுத்ததுபோல் இருந்தது, அவ்வளவுதான். நிஷா அழுத்திய கையை எடுக்காமலே சாரைக் கூப்பிடச் சொல்லிக் கத்தினாள்.

சங்கரநாராயணன் சார் ஓடி வந்தார். விரலின் நிறத்தைப் பார்த்தார். கம்பியை விட்டு ஆழம் பார்த்தார். "இவ்வளவு சீழ் ஒரே நாள்ல வராது. அன்னைக்கே இருந்திருக்கு. அப்போ சிஆர்பி எப்படி 0.3?" என்று கேட்டார். என்னைக் கேட்கவில்லை, பொதுவாகக் கேட்டார். பிறகு போனை எடுத்துக் கோமதிநாயகம் சாரைக் கூப்பிட்டார்.

"உங்க சிஆர்பி மெஷின் தப்பாக் காட்டுது. உடனே நிறுத்துங்க. இந்த மாசம் கொடுத்த ரிப்போர்ட் எதையும் நம்பமுடியாது."

கோமதிநாயகம் சார் மூச்சு வாங்க வந்தார். கையில் கன்ட்ரோல் சார்ட் இருந்தது. அளவு தெரிந்த ரத்தத்தைத் தினமும் ஓட்டி மெஷினைச் சோதிக்கிற கணக்கு அது. "எல்லாம் சரியாத்தான் சார் இருக்கு. காலைலகூட ஓட்டுனோம். ஆனா நீங்க சொன்னா நிறுத்திருதேன். அறுபது எழுபது பேருக்குத் திரும்ப எடுக்கணும். பச்சப் பிள்ளைகளும் இருக்கு." அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது. அந்த மெஷினை அவர் துடைக்கிற மாதிரி சிலர் சாமி படத்தைக்கூடத் துடைக்க மாட்டார்கள்.

அந்தப் பதினோரு நாள் குழந்தை ஞாபகத்துக்கு வந்தது. அதற்கும் சிஆர்பிதான் பார்த்தோம். 31 வந்தது. அதை நம்பித்தான் மருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது போய் அது தப்பு என்று சொல்லப்போகிறார்கள். அந்தப் பிஞ்சுக் கையில் மறுபடியும் குத்தப்போகிறார்கள்.

"மெஷின் சரியாகத்தான் இருக்கு சார்" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"நான்தான் சரியில்ல. மார்ச்சுல இருந்து வாரம் ஒரு ஊசி போடுதேன், முடக்குவாதத்துக்கு. இன்டர்லூக்கின் ஆறை அடைக்கிற ஊசி. அது இருந்தா ஈரல் சிஆர்பி செய்யாது. கால் அழுகினாலும் எனக்கு 0.3தான் காட்டும்."

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா ஜெசிந்தா?" சங்கரநாராயணன் சார் சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம்.

தெரியும். மூன்றாவது ஊசிக்குப் பின்னால் பாத்ரூமில் நின்று அழுதபோதே தெரியும். பத்தாம் தேதி அந்த ரிப்போர்ட்டை மேஜையில் வைத்தபோதும் தெரியும். அவர் கத்தியைக் கீழே வைக்க வேண்டும் என்றுதான் வைத்தேன். பொய் சொல்லவில்லை என்று இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன். ஊரில் இருக்கிற பொய்யிலேயே பெரிய பொய் அதுதான்.

நவம்பர் 19, புதன்

நேற்றே காலைத் திறந்து எடுத்துவிட்டார்கள், அரிசி மணி நீளத்துக்கு ஒரு முள் துண்டு. குப்பியில் போட்டுக் காட்டினார்கள். சீழ் பாதத்துக்குள் இரண்டு அங்குலம் ஓடியிருக்கிறது. எலும்பு தப்பித்திருக்கிறது. விரல் தப்புமா என்று இப்போது சொல்ல முடியாதாம்.

மதுரை டாக்டரிடம் சார் பேசிவிட்டார். ஊசி நிறுத்தம். உடம்பில் இருப்பது தீர மூன்று, நான்கு வாரம் ஆகும். "உங்க உடம்பு கூப்பிட்டாத்தான் வெள்ளணு வரும். கூப்பிட்டாத்தான் புதுச் சதை வளரும். அதுவரைக்கும் நாங்க மருந்தால தள்ளிட்டு இருக்கோம். நடுவுல விரல் கறுத்துப்போனா எடுத்துடுவேன், அதையும் இப்பவே சொல்லிடறேன்" என்றார்.

நவம்பர் 23, ஞாயிறு
25 நிமிடம்

ஆஸ்பத்திரிக் கட்டில். பூசை இல்லை, ஊசி இல்லை. அத்தான் கறி கொண்டுவந்தார். அவரே வைத்தது. உப்பே இல்லை. நன்றாக இருக்கிறது என்றேன், இது மட்டும் நல்ல பொய்.

படுத்துக்கொண்டு யோசிக்க நிறைய நேரம். ஏழு வருடம் எனக்குள் யாரோ கத்திக்கொண்டே இருந்தார்கள். கத்துவதெல்லாம் பொய் என்று தெரிந்துகொண்டேன். மூட்டில் கிருமியும் இல்லை, காயமும் இல்லை. வாயை அடைத்தேன். நிம்மதியாக இருந்தது. ஆனால் மூட்டைக் காட்டிப் பொய்யாகக் கத்துவதும், முள்ளைக் காட்டி உண்மையாகக் கத்துவதும் ஒரே வாய்தான். இரண்டில் ஒன்றை மட்டும் அடைக்க யாராலும் முடியாது. அது தெரிந்தவள் நான். முள் குத்திய அன்றைக்கே நான் அதன் வேலையைச் செய்திருக்க வேண்டும். அதற்கு வாய் இல்லாதபோது என் வாயாவது திறந்திருக்க வேண்டும்.

நவம்பர் 29, சனி
70 நிமிடம்

மிக்கேல் எழுதுகிறேன். ஜெசிக்குப் பேனா பிடிக்க முடியவில்லை. விரல் எல்லாம் வீங்கிவிட்டது. எழுபது நிமிடம் என்று எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

கால் அப்படியே இருக்கிறது. விரல் ஊதா நிறம். டாக்டர் தினமும் பார்த்துவிட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்கிறார். நேற்று ராத்திரி கை வலி தாங்காமல், ஊசியைக் கொண்டுவந்து போட்டுவிடுங்கள், விரல் போனால் போகட்டும் என்று அழுதாள். நான் வீட்டுக்குப் போய் ஃப்ரிட்ஜில் இருந்த மூன்று ஊசியையும் எடுத்து ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் கொடுத்துவைத்துவிட்டேன். இதை அவளிடம் சொல்லவில்லை. எழுதினால் படிப்பாள். படிக்கட்டும்.

டாக்டர் அம்மா அவர்களுக்கு, நான் பதினாறாம் தேதியே உங்களுக்குப் போன் போட்டிருக்க வேண்டும். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கோபம் இருந்தது, புத்தி இல்லை. ஜாக்கெட் கொக்கி இப்போது பிய்க்காமல் போடப் பழகிவிட்டேன்.

டிசம்பர் 5, வெள்ளி
110 நிமிடம்

பெரிதாக எழுத முடியாது. நிஷா தினமும் கழுவிக் கட்டுகிறாள். "மன்னிச்சிரு" என்றேன். "எதுக்குக்கா?" என்றாள். "உன் மூக்குக்கு." சிரித்துவிட்டாள்.

டிசம்பர் 10, புதன்
120 நிமிடம்

ராத்திரி குளிர் நடுக்கம். காலையில் 100.6. கால் விண் விண் என்று தெறித்தது. நிஷா கட்டைப் பிரித்தாள். புண்ணின் ஓரம் முழுக்கச் சிவந்து, தொட்டால் சுட்டது. அவள் கை பட்டதும் அலறிவிட்டேன்.

"அல்லாவே! அக்கா, வலிக்கா?"

"வலிக்குடி, கைய எடு!"

அவள் கையை எடுக்காமல் இன்னும் குனிந்து பார்த்தாள். நடுவில், வெளுத்துக் கிடந்த இடத்தில், மாதுளை முத்து மாதிரி சின்னச் சின்னதாகச் சதை எழும்பியிருந்தது. "இப்பத்தாங்கா புண்ணு பேச ஆரம்பிச்சிருக்கு" என்றாள். அவள் கண் கலங்கிவிட்டது.

சங்கரநாராயணன் சார் இந்தத் தடவை எதையும் விடவில்லை. ஸ்கேன் எடுத்தார், ரத்தம் அனுப்பினார். புதுச் சீழ் எதுவும் இல்லை. கோமதிநாயகம் சாரே ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். 38. முப்பத்தெட்டு! இந்த எண் வந்தால் யாருமே சந்தோஷப்பட மாட்டார்கள். நான் அந்தக் காகிதத்தை மடக்கமுடியாத விரல்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு அழுதேன். மார்ச்சில் 0.3 பார்த்து அழுததற்கும் இதற்கும் சேர்த்து.

டிசம்பர் 17, புதன்
120 நிமிடம்

காய்ச்சல் இறங்கிவிட்டது. விரல் ஊதாவிலிருந்து சிவப்புக்கு வந்துவிட்டது. "இனிமே அது உங்ககூடத்தான் இருக்கும்" என்றார் சார்.

டிசம்பர் 22, திங்கள்
100 நிமிடம்

மதுரை. நோட்டைக் கிழிக்காமல் கொடுத்தேன். டாக்டர் வசுமதி நான் இருக்கும்போதே முழுக்கப் படித்தார். நான் சுவரில் இருந்த எலும்புக்கூடு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தாம் தேதிப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். அத்தான் எழுதியதைப் படிக்கும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"புண் முழுக்க மூடி, சங்கரநாராயணன் எழுதிக் கொடுத்த பிறகு மறுபடி ஆரம்பிக்கலாம். ஆனா ஒண்ணு. இனிமே உங்களுக்குக் காய்ச்சல் இல்லேங்கறதும் சிஆர்பி நார்மல்ங்கறதும் நல்ல செய்தி கிடையாது. அது வெறும் மௌனம். சின்னக் கீறல்னாலும் ஊசியை நிறுத்திட்டு எனக்குப் போன் பண்ணணும். யார் கேட்டாலும் ஊசி பேரைச் சொல்லணும்."

"சொன்னா வேலை போயிரும்னு பயந்தேன் டாக்டர்."

"சொல்லாததால கால் போகப் பார்த்துச்சே."

நோட்டைத் திருப்பி வாங்கிப் பைக்குள் வைத்தேன்.

டிசம்பர் 25, வியாழன்
90 நிமிடம்

அத்தான் தோளைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். செருப்பைக் கழற்றவில்லை. பாலன் இயேசு ஒன்றும் சொல்லவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு
90 நிமிடம்

புண் மூடிவிட்டது. இளஞ்சிவப்பில் ஒரு தழும்பு. பூசை, ஊசி, கறி. அத்தான்தான் போட்டார். போடுவதற்கு முன் இரண்டு காலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார், டெப்போவை விட்டு வண்டி எடுக்கிற மாதிரி.

முட்டைத் தட்டுக்குப் பின்னால் இருந்த டப்பாவை முன்னால் எடுத்து வைத்தேன்.

ஜனவரி 19, திங்கள்
40 நிமிடம்

வேலைக்குத் திரும்பினேன். கோமதிநாயகம் சார் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ஜன்னல்தாம்மா. வேற வழியில்ல. கையும் இன்னும் சரியாகல."

எதற்காக எட்டு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தேனோ, அந்த ஜன்னலில் போய் உட்கார்ந்தேன். வலித்தது. ஒன்றும் பெரிதில்லை என்று எழுதினால் மறுபடியும் பொய்யாகிவிடும். பத்து மணிக்கு வார்டிலிருந்து ஒரு ஆள் ஓடி வந்து உள்ளே "ஜெசிந்தாக்கா எங்க?" என்று கேட்டபோது குனிந்து ஸ்டிக்கர் சுருளைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

பதினொன்றரை மணிக்கு ஒரு அம்மா வந்தார். அறுபது வயதிருக்கும். தச்சநல்லூர். இடது கையில் கட்டு. சோறு வடிக்கும்போது கஞ்சி கொட்டிவிட்டதாம், இருபது நாளாக ஆறவில்லை. சிஆர்பி பார்க்கச் சீட்டு.

"சுகர் இருக்காம்மா?"

"இல்லம்மா."

"வேற மருந்து ஏதாவது எடுக்கியளா?"

"பிரஷர் மாத்திரை மட்டுந்தான்."

சொல்லிவிட்டு அவர் பார்வையைத் தாழ்த்தினார். ஜன்னல் விளிம்பில் இருந்த வலது கையை நான் பார்த்தேன். கணுக்கள் புடைத்து, விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. அந்தக் கையை எனக்குத் தெரியும். எனக்கும் இரண்டு இருக்கின்றன. அவற்றையும் எடுத்து விளிம்பில், அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"வீட்டு ஃப்ரிட்ஜுல ஊசி ஏதும் வச்சிருக்கியளாம்மா?"

அவர் பின்னால் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். என் விரல்களைப் பார்த்தார். பிறகு ஜன்னல் ஓட்டைக்குள் முகத்தைக் கொண்டுவந்தார்.

"மருமவளுக்குக்கூடத் தெரியாது. யாருட்டயும் சொல்லிராத தாயி."

"டாக்டர்ட்ட மட்டும் சொல்லுவேன். அவருட்ட சொல்லாம நான் இத உள்ள அனுப்பமாட்டேன்."

கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். பிறகு ஊசியின் பெயரைச் சொன்னார். என்னுடையதேதான்.

சீட்டை வாங்கினேன். சிஆர்பி என்ற வரிக்குப் பக்கத்தில் "இந்த எண்ணை நம்ப வேண்டாம், புண்ணைத் திறந்து பார்க்கவும்" என்று எழுதினேன். விரல் இன்னும் முழுக்க மடங்கவில்லை, எழுத்து கோணல்மாணலாக வந்தது. அடியில் என் பெயரைப் போட்டேன்.